பேரீச்சம்பழத்துக்குப் போன ஜன்னல்

போன மாதம் தம்பி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டின் முகப்பு அது. ஏதோ ஒரு செயலியை வைத்து, தெருப்பக்கத்து மர ஜன்னலை அழித்துவிட்டு, அந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு யுபிவிசி ஜன்னலை ஒட்டியிருந்தான். கீழே, "எப்படி இருக்கு பெரியப்பா? பத்திரம் இன்னும் ரெண்டு பேர் பேர்லயும் சேர்ந்துதான் இருக்கு, உங்களக் கேக்காம செய்யக்கூடாதுன்னு அப்பா சொன்னார்" என்று எழுதியிருந்தான்.

"முடியாது" என்று பதில் போட்டேன்.

அரை மணி கழித்து அவனிடமிருந்து வந்தது: "1996-ல நீங்க உங்க பக்கத்த மாத்தினப்போ யார்கிட்டக் கேட்டீங்க?"

யாரிடமும் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தெருவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வரிசை வீடுகள். இடது பக்கச் சுவரும் வலது பக்கச் சுவரும் பத்திரத்தில் "பொதுச்சுவர்" என்று எழுதப்பட்டவை. தெருவைப் பார்த்துத் திண்ணை, திண்ணைக்கு மேல் ஜன்னல், நடுவில் வாசல், உள்ளே சின்ன முற்றம், பின்னால் கொல்லை. அப்பா காலமானபின் வாய்ப்பேச்சாகவே கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி தம்பிக்கு என்று ஆயிற்று. முகப்பில் இரண்டு ஜன்னல்கள். ஒன்று என் பங்கு, ஒன்று அவன் பங்கு.

அந்தச் சமயம் நான் ஓசூரில் வேலையில் இருந்தேன். 1970களில் சிப்காட் வந்ததிலிருந்து இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கையில் கொஞ்சம் காசு புழங்க ஆரம்பித்திருந்தது. காசு வந்தால் முதலில் கண்ணில் படுவது வீடு. தொழிற்சாலையின் ஆபீஸ் கட்டிடத்தில் எல்லா ஜன்னலும் அலுமினியத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும். அதைத் தினம் பார்த்த எனக்கு, கொண்டியும் கீலும் வைத்த மர ஜன்னல் பட்டிக்காடாகத் தெரிந்தது. உள்ளூர்க் கடை ஒன்றில் அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் ஒன்று வாங்கினேன். பழையதைப் பெயர்க்க வந்த வயதான ஆசாரி, நிலைச் சட்டத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எந்துக்கு சாமி?" என்று தெலுங்கில் கேட்டார். எங்கள் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாயில் வரும். "பழசாயிடுச்சு" என்றேன். "நானும்தான் பழசு" என்று சொல்லிவிட்டு உளியை எடுத்தார்.

மரத்தை ஒரு வியாபாரி வந்து மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போனார். தேக்கு என்பது அவருக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. இரும்புக் கம்பிகள் தெருவில் வந்த தள்ளுவண்டிக்காரரிடம் போயின. பேரீச்சம்பழத்துக்குப் போடுவது என்று பேச்சுவழக்கில் சொல்வோமே, அது எங்கள் வீட்டில் நிஜமாகவே நடந்தது. அம்மா அந்தப் பழத்தைத் தொடவில்லை.

அடுத்த கோடையில் முன்னறை கொதித்தது. அதற்கு அடுத்த மழையில் ஜன்னலுக்கு மேலே சுவரில் ஒரு விரிசல் விழுந்து, பொதுச்சுவர் வரை ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர், சண்டைக்கு வரவில்லை. "பாத்து செஞ்சிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

இது ஏன் நடந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. நான் இயந்திரங்களோடு வேலை செய்தவன், ஒரு பாகத்தைக் கழற்றுமுன் அது என்ன வேலை செய்கிறது என்று பார்க்கவேண்டும் என்பது எங்களுக்கு முதல் பாடம். சொந்த வீட்டில் அந்தப் பாடத்தை மறந்தேன்.

வரிசை வீட்டுக்கு இரண்டு பக்கமும் சுவர் மூடியிருக்கும். காற்று வருவதற்கு வழி தெருப்பக்கமும் முற்றமும் கொல்லையும்தான். ஆகவே தெரு ஜன்னல்தான் அந்த வீட்டின் மூக்கு. எங்கள் பழைய ஜன்னலில் கதவு இரண்டு அல்ல, நான்கு. மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி. பகலில் கீழ் ஜோடியைச் சாத்தி மேல் ஜோடியைத் திறந்து வைத்தால், தெருவில் போகிறவர் கண்ணுக்கு உள்ளே படுத்திருப்பவர் தெரியமாட்டார். ஆனால் கூரைக்குக் கீழே தேங்கும் சூடான காற்று மேலே உள்ள வழியாக வெளியேறும். சாயங்காலம் கீழ் ஜோடியைத் திறந்தால் குளிர்ந்த காற்று தரையோடு உள்ளே வந்து முற்றத்தின் வழியாக மேலே போகும். மின்விசிறி வருவதற்கு முன்னால் வீட்டைக் குளிர்வித்த இயந்திரம் அது. ஸ்லைடிங் ஜன்னலில் ஒரு கண்ணாடி இன்னொன்றின் மேல் ஏறி நிற்கும். ஆகவே எத்தனை அகல ஜன்னல் வைத்தாலும் திறப்பது பாதிதான். மேல் கீழ் என்ற பிரிவும் கிடையாது. பாதிக் காற்றை விலைகொடுத்து வாங்கினேன் என்று சொல்லலாம்.

சுவர் விஷயம் இன்னும் மோசம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய சுவர். நிலைச் சட்டத்தைச் சுவர் எழும்போதே வைத்துக் கட்டுவார்கள், மேலே ஒரு மரப் பலகை சுவரின் பளுவைத் தாங்கும். அதைச் சுத்தியலால் அடித்துப் பெயர்த்தால் சுற்றியிருக்கும் காரை முழுவதும் அதிரும். பிறகு அந்த ஓட்டையைச் சிமெண்டால் பூசுகிறோம். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமெண்ட் விடாது. ஈரம் அதன் பின்னாலேயே தங்கிச் சுவரை உப்பவைக்கும். வரிசை வீட்டில் என் ஜன்னல் எனக்கு மட்டும் சொந்தமில்லை என்பதை இந்த விரிசல்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

மரம் உளுத்துப்போகுமே என்று கேட்பார்கள். போகும். பெரும்பாலும் கீழ்ச் சட்டம்தான், மழைத் தண்ணீர் நிற்கும் இடம். அந்தத் துண்டை மட்டும் அறுத்து எடுத்துப் புதுத் துண்டு ஒட்டுப் போட ஒரு ஆசாரிக்கு ஒரு நாள் வேலை. என் அலுமினிய ஜன்னலின் உருளை தேய்ந்தபோது அந்த மாதிரி உருளை இப்போது வருவதில்லை, ஜன்னலையே மாற்றிவிடுங்கள் என்று கடையில் சொன்னார்கள். அப்பாவின் தாத்தா காலத்து ஜன்னலைப் பழுது பார்க்கலாம், 1996-ல் வாங்கியதைப் பார்க்க முடியாது. இதற்குப் பெயர் முன்னேற்றமாம்.

இங்கே ஒரு சின்ன விலகல். ஜன்னல் என்ற சொல் போர்த்துகீசியரிடமிருந்து வந்தது, அவர்கள் மொழியில் ஜனேலா. தெலுங்கில் கிடிகி என்பார்கள், கன்னடத்தில் கிடகி. நம்முடைய பழைய சொல் காலதர், சிலப்பதிகாரத்திலேயே வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆங்கிலச் சொல்லும் காற்றின் கண் என்ற பொருள் கொண்ட பழைய வடநாட்டுச் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். இரண்டு கோடியில் இருந்தவர்களும் காற்றை வைத்தே பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் இன்று வாங்குவதன் விளம்பரத்தில் காற்று உள்ளே வராது, சத்தம் உள்ளே வராது, தூசி உள்ளே வராது என்றுதான் எழுதியிருக்கிறது. அப்படியானால் சுவரே போதுமே.

விஷயத்துக்கு வருகிறேன். "என் வீடு, என் ஜன்னல், யார் கேட்பது?" என்பது தம்பி மகனின் வாதம். நம் ஊரில் உண்மையிலேயே யாரும் கேட்பதில்லை. ராயக்கோட்டை மலைக்கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1958-ஆம் வருடத்துச் சட்டமும் 2010-ல் அதற்கு வந்த திருத்தமும் அப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக்கட்டிடம் கூடாது, அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்கின்றன. நல்லது. ஆனால் அது கோட்டைக்காகப் போட்ட வட்டம், தெருவுக்காக அல்ல. ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-ல் ராஜாஜி பிறந்த வீட்டை அரசு நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. அதுவும் நல்லது. ஒரு பெரிய மனிதர் பிறந்தால் அந்த ஒரு வீடு தப்பிக்கும். சாதாரண மனிதர்கள் மட்டுமே பிறந்து வளர்ந்து செத்த தெரு என்றால் அதற்கு நாதியில்லை. தமிழ்நாட்டில் மரபு ஆணையத்துக்கான சட்டம் 2012-லேயே நிறைவேறியது. அந்த ஆணையம் உருவாகப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் எத்தனை ஜன்னல்கள் தள்ளுவண்டி ஏறின என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

வெளியூரில் எப்படி என்று பார்ப்போம். இங்கிலாந்தில் 1967-ல் ஒரு சட்டம் போட்டு, தனிக் கட்டிடம் என்றில்லாமல் ஒரு பகுதி முழுவதையுமே பாதுகாப்புப் பகுதி என்று அறிவிக்கும் வழியை ஏற்படுத்தினார்கள். ஸ்டாம்ஃபோர்டு என்ற சிற்றூர் முதலில் அந்தப் பட்டியலில் ஏறியது. அங்கேயும் நம்மைப் போல வரிசை வீடுகள்தான். அப்படிப்பட்ட பகுதிகளில் ஊராட்சி மன்றம் தனியாக ஓர் ஆணை போட்டால், தெருவைப் பார்த்த ஜன்னலை மாற்றுவதற்கும் அனுமதி கேட்கவேண்டும். (இதே நாட்டில்தான் 1696 முதல் 1851 வரை ஜன்னலுக்கு வரி போட்டார்கள். வரிக்குப் பயந்து ஜனங்கள் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். புத்தி வருவதற்கு எல்லா ஊரிலும் நாள் பிடிக்கிறது.)

அது வெள்ளைக்காரன் ஊர், நமக்கு ஒத்துவராது என்பவர்கள் சிங்கப்பூரைப் பார்க்கட்டும். நம்மவர்கள் புழங்கும் சிராங்கூன் சாலைப் பகுதியைச் சீனர் நகரத்தோடும் கம்போங் கிளாமோடும் சேர்த்து 1989-லேயே பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்துவிட்டார்கள். கடைவீடுகள், அதாவது கீழே கடை மேலே குடித்தனம், பக்கச் சுவர் பொது. முகப்பில் மர ஜன்னல் இருந்தால் மர ஜன்னலாகவே இருக்கவேண்டும். முடிந்தவரை பழையதை வை, பழுது பார், முடியாவிட்டால் பொருத்தமாகப் புதுப்பி என்பது விதி. அங்கே தரைக்கு இல்லாத விலையா? நில நெருக்கடி இல்லாத ஊரா? தேக்காவுக்குப் போய் செல்ஃபி எடுத்துக்கொண்டு வரும் நம் ஆட்கள் பின்னால் தெரியும் அந்தப் பலகணிகளின் வண்ணத்தைப் புகழ்கிறார்கள். ஊருக்குத் திரும்பியதும் சொந்த ஜன்னலைப் பெயர்க்கிறார்கள்.

பாண்டிச்சேரி இன்னும் பக்கம். வைசியாள் வீதி என்கிற கல்வே சுப்பராயச் செட்டி வீதியில் திண்ணையும் தாழ்வாரமுமாக நின்ற தமிழ் வீடுகளின் முகப்புகளை அரசும் இன்டாக் அமைப்பும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டமும் சேர்ந்து பழையபடி சீர்செய்தன. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருதுப் பட்டியலில் அந்தத் தெரு இடம் பெற்றது. பிரெஞ்சுக்காரன் கட்டிய பங்களாவுக்காக அல்ல, நம் திண்ணைக்காக.

இவ்வளவு சொன்னதும் நான் ஏதோ சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தடியோடு நிற்கிறேன் என்று நினைக்கவேண்டாம். மறுபக்கமும் இருக்கிறது, அதை மறைத்தால் நான் பொய்யன். பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்தைக் கேரள அரசு மரபுக் கிராமமாக அறிவித்தது. அங்கேயும் தமிழ் பேசுகிறவர்களின் வரிசை வீடுகள், அங்கேயும் பொதுச்சுவர். ஆனால் அங்கே குடியிருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? ஓடு உடைந்தாலும், சுவர் சாய்ந்தாலும், எதைத் தொடுவதற்கும் அனுமதிக்கு அலையவேண்டியிருக்கிறது என்கிறார்கள். மரபு என்ற பட்டத்தைக் கொடுத்துவிட்டுக் கூரை மாற்றும் செலவை வீட்டுக்காரர் தலையில் கட்டினால் அவர் என்ன செய்வார்? பூட்டிவிட்டுப் பிள்ளை இருக்கும் ஊருக்குப் போவார். பூட்டிய வீட்டைக் கரையான் பார்த்துக்கொள்ளும். ஓய்வூதியத்தில் வாழ்கிறவரிடம் தேக்கு வாங்கு என்று உத்தரவு போடுவது அக்கிரமம்.

ஆகவே தெருவுக்கு அழகு வேண்டும் என்றால் தெரு பணம் கொடுக்கட்டும் என்கிறேன். மும்பையிலும் அகமதாபாத்திலும் மரபுக் கட்டிடத்தைக் காப்பாற்றுகிறவருக்கு, அவர் கட்டாமல் விட்ட பரப்பை வேறு இடத்தில் கட்டும் உரிமையாக மாற்றி விற்றுக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். அகமதாபாத்தின் பழைய நகரம் 2017-ல் உலக மரபுப் பட்டியலில் ஏறியதும் அந்த மரவேலை வீடுகளை நம்பித்தான். நம் பக்கத்தில் அத்தனை பெரிய ஏற்பாடு வேண்டாம். மர ஜன்னலையும் திண்ணையையும் வைத்திருக்கிற வீட்டுக்கு வீட்டு வரியில் கொஞ்சம் கழிவு கொடுங்கள். ஆசாரி கூலியில் பாதியை நகராட்சி ஏற்கட்டும். ஓசூர் 2019-ல் மாநகராட்சி ஆகிவிட்டது, ஊரைச் சுற்றி இத்தனை தொழிற்சாலைகள். ஒரு பழைய தெருவுக்கு ஒரு ஆசாரியைச் சம்பளத்துக்கு வைக்க இந்த மாவட்டத்துக்கு வக்கில்லை என்று யாராவது சொல்வார்களா?

இனி தம்பி மகன் சொன்ன காரணங்கள். கொசு. நியாயம். அதற்கு உள்பக்கம் வலைக் கதவு போடலாம், மரத்தைத் தொடவே வேண்டாம். திருடன். கட்டைவிரல் தடிமனில் கம்பி வைத்த ஜன்னலை விடக் கண்ணாடி பத்திரமா? சத்தமும் தூசியும் உண்மை. பெங்களூரு சாலையின் லாரிகள் ஊருக்கே தூசியைக் கொடுத்திருக்கின்றன. அதற்கு நான் முழுப் பதில் வைத்திருக்கவில்லை, மரச் சட்டத்துக்குள்ளேயே கண்ணாடிக் கதவு ஒரு ஜோடி உள்பக்கம் மாட்டினால் பாதிக் குறையும். ஏசி வேண்டும் என்கிறான். கிருஷ்ணகிரி வெயிலுக்கு வேண்டித்தான் இருக்கிறது. பின்னறையில் வைத்துக்கொள், அதன் பெட்டியைக் கொல்லைப்பக்கம் மாட்டு, வேண்டாம் என்று யார் சொன்னது?

கடைசியாக ஒன்று சொன்னான். "பழைய தெருவைக் காப்பாத்தறதுன்னா பழைய சாதியக் காப்பாத்தறதுதானே பெரியப்பா? அந்தத் திண்ணையில யாரையெல்லாம் உக்கார விட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

இதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். அவன் சொல்வது சரிதான், எங்கள் தாத்தா திண்ணையில் எல்லாரும் உட்காரவில்லை. ஆனால் அந்த ஜன்னலைச் செய்த கை திண்ணையில் உட்காராத கைதான். பட்டறையில் உட்கார்ந்து கம்பி அடித்தவர், தேக்கை இழைத்தவர், சுண்ணாம்பு அரைத்தவர், இவர்கள் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. அவர்கள் விட்டுப்போன ஒரே கையெழுத்து அந்த வேலை. தாத்தாவின் பெருமையை அழிப்பதாக நினைத்துக்கொண்டு நாம் அழிப்பது அவர்களுடையதை. திண்ணையில் இன்று யார் வேண்டுமானாலும் உட்காரட்டும், அதற்குத் திண்ணை இருக்கவேண்டுமே.

இன்னொன்றையும் அவனிடம் சொன்னேன். சில வருடங்களுக்கு முன்னால் கூட வேலை பார்த்த நண்பரின் மகள் கல்யாண வரவேற்பு பெங்களூருவில் ஒரு பெரிய ஓட்டலில். உள்ளே நுழைந்ததும் சுவரில் நான்கு கதவு வைத்த ஒரு தேக்கு ஜன்னல். நிலையோடு, கொண்டியோடு, கம்பியோடு. அதற்குப் பின்னால் காற்று இல்லை, தெரு இல்லை, ஒரு கண்ணாடி. வருகிறவர்கள் அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தார்கள். அது எங்கள் வீட்டு ஜன்னல் இல்லை, கீல் வேறு. ஆனாலும் கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தேன். வரவேற்பில் நின்ற பையன், "தொடாதீங்க சார், ஆன்டிக்" என்றான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து பெங்களூரு வரை இதற்கு ஒரு சந்தையே இருக்கிறது. நாம் எடைக்குப் போடுகிறோம், அவர்கள் சதுர அடிக்கு வாங்குகிறார்கள். எல்லை தாண்டி அரை மணி நேரப் பயணத்தில் பட்டிக்காடு பாரம்பரியமாகிவிடுகிறது.

போன ஞாயிறு தம்பி மகனே போன் செய்தான். மேற்குப் பக்கத்து ஜன்னலை விட்டுவைக்கிறானாம். கீழ்ச் சட்டம் உளுத்திருக்கிறது, பர்கூர் பக்கம் ஓர் ஆசாரியைப் பார்த்திருக்கிறான், வியாழக்கிழமை வருகிறார். கூலி யார் கொடுப்பது என்று கேட்டான். நான்தான் என்றேன்.

"அது சரி பெரியப்பா. உங்க பக்கத்து அலுமினியத்த எப்ப எடுக்கறீங்க?"

காரைக்குடிக்குப் போன் போட்டு அதே அளவில் நான்கு கதவு வைத்த தேக்கு ஜன்னல் என்ன விலை என்று விசாரித்திருக்கிறேன். 1996-ல் எனக்குக் கிடைத்த தொகையைப் போல அறுபது மடங்கு சொல்கிறார்கள், வண்டி வாடகை தனி.